காசிமேட்டு மாமா பூட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கம்ப்யூட்டர் சண்டை வந்துவிட்டது. கடையில் முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டுவதா என்பதுதான் சண்டை. வாங்க வேண்டும் என்றவர் அப்பா. பூட்ட வேண்டும் என்றவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. இரண்டு பேருமே அதுவரை ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அதனாலேயே சண்டைக்கு ஒரு முடிவும் வரவில்லை.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்த இடத்தில், திருவொற்றியூரில், மளிகைக் கடை வைத்தவர். அம்மா காசிமேட்டுப் பெண். இரண்டு பேருக்கும் எப்படிக் கல்யாணம் நடந்தது என்பது தனிக் கதை. எங்கள் வீட்டில் அதை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். மாமாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் வேலை. எந்த மெஷினைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். எங்கள் வீட்டு மிக்ஸி, அம்மாவின் தையல் மெஷின், கடைத் தராசு எல்லாம் அவர் கை பட்டவைதான். மிக்ஸியும் தையல் மெஷினும் பிழைத்துக்கொண்டன. தராசு பிழைக்கவில்லை. அப்பா அதை மறக்கவும் இல்லை.

கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது அக்காவுக்கு. அவள் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டடம் கட்டுகிற இடத்துக்கெல்லாம் அவளை வேலைக்கு அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் மண்ணடியில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர் ஒருவர் ஒரு வழி சொன்னார். மாடி வீடு ஒன்றின் பிளானை முழுசாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டு வா, சரியாக இருந்தால் வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி வேலை தருகிறேன், பொங்கலுக்குள் வர வேண்டும் என்றார்.

அதே பொங்கல் கழிந்ததும் தூத்துக்குடியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகவும் ஏற்பாடு. பெண் வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை, வீட்டோடு இருந்தால் போதும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா வியாபாரி அல்லவா, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். பொங்கலுக்குள் வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைக்கலாம், கிடைக்காவிட்டால் அவர்கள் வரட்டும். அக்கா சரி என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவம்.

சீட்டு எடுத்த பணத்தோடு அப்பாவும் அக்காவும் நானும் ஒரு ஷோரூமுக்குப் போனோம். உள்ளே ஐஸ் மாதிரி ஏசி. டை கட்டிய பையன் ஒருவன் அப்பாவை வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போட்டு அழைத்தான். நாள் முழுக்க ‘அண்ணாச்சி, கால் கிலோ துவரம் பருப்பு’ கேட்டுப் பழகிய காதுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! அப்பா உருகிவிட்டார். அக்கா மட்டும் உருகவில்லை. ரேம் எவ்வளவு, கிராஃபிக்ஸ் கார்டு தனியாக உண்டா என்று கேட்டுவிட்டு, அப்பாவின் காதருகே குனிந்து, இந்தப் பணத்துக்கு இவர்கள் தருகிற கம்ப்யூட்டரில் பிளான் போடும் சாஃப்ட்வேர் நொண்டும் என்றாள். நொண்டாதது மேல் தட்டில் இருந்தது. அதன் விலையைக் கேட்ட பிறகு அப்பா அந்தத் தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயந்திரமே மாமா வந்து இறங்கிவிட்டார். இந்த மாதிரி விஷயத்தில் அவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ!

“இன்னா மாமா நீ, பொட்டிக்கும் ஸ்டிக்கருக்கும் போயி துட்டு குடுக்கறேன்ற! உள்ள இன்னா கீதுன்னு பாத்தியா? அதே துட்டுக்கு ரிச்சி தெருவுல பார்ட்டு பார்ட்டா வாங்கினு வந்து சோக்கா ஒரு மெஷினு நானே பூட்டித் தரேன்.”

“பில்லு வாங்கிட்டோம்னா, ஓடலைன்னா கடைக்காரன் சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம் மாப்ள,” என்றார் அப்பா. “உம்ம சட்டைய நான் பிடிக்க முடியுமாவே?”

“தாராளமா புடி. புதுச் சட்டையா போட்டுனு வரேன்.”

இப்படியே நாலைந்து சாயந்திரங்கள் போயின. கடைசியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “வரையப் போறது அவ. ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடிக்கினு அவளக் கேளுங்க,” என்றாள். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, பாகமாகவே வாங்கிடலாம்பா, அப்போதான் வேலைக்கு ஆகிற மாதிரி வரும் என்றாள்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் சொன்ன சொல் தவறாதவர். சரி, பூட்டட்டும், ஆனால் ஒன்று என்றார். இந்த மெஷின் மட்டும் ஓடவில்லையென்றால், இனிமேல் இந்த வீட்டு விஷயம் எதிலும், அது கல்யாணமானாலும் சரி கருமாதியானாலும் சரி, உன் தம்பி வாயைத் திறக்கவே கூடாது. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். மாமா அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. விழாமல் இருக்குமா, வீடு என்ன பத்து கட்டு வீடா?

சனிக்கிழமை மாமா, அக்கா, நான் மூன்று பேரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். எனக்கு ஒன்பது வயது. என்னை எதற்குக் கூட்டிப் போனார்கள் என்றால், விட்டுவிட்டுப் போனால் நான் போட்டிருக்கும் கூச்சலுக்குத்தான். மாமா ஒவ்வொரு கடையிலும் ஏலத்தில் வஞ்சிரம் எடுக்கிறவர் போலப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மதர்போர்டை முகர்ந்துகூடப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்கே தெரிந்தது, ஆனால் விலை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எதை வாங்குவது என்பதை அக்கா முடிவு செய்தாள், எவ்வளவுக்கு என்பதை மாமா முடிவு செய்தார். இங்கேயே சும்மா பூட்டித் தருகிறோம் என்று கடைப் பையன் சொன்னபோது மாமா சிரித்துவிட்டார். “உன்கிட்ட வுட்டா உள்ள இருக்கற பார்ட்டை மாத்திட மாட்ட?” என்று கேட்டுவிட்டு, அட்டைப் பெட்டிகளைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கூடத்தில் பழைய பேப்பரை விரித்து வேலை தொடங்கியது. அக்கா கையேட்டைப் படித்துச் சொல்ல, மாமா பூட்ட, நான் டார்ச் பிடித்தேன். பாதியில் கடையில் கூட்டம் என்று அப்பா அக்காவைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை, கறி எடுக்கிறவர்கள் எல்லாரும் மசாலாவுக்கு எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அக்கா போனாள். அவள் வருவதற்குள் இந்த ஃபேனை மட்டும் மாட்டிவிடலாம் என்றார் மாமா.

அது பிராசஸரின் தலைமேல் உட்கார வேண்டிய ஃபேன். அதன் அடியில் ஒரு கனத்த உலோகத் துண்டு, அந்த உலோகத்தின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மூன்று கோடுகள். மாமா நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“பாத்தியாடி, காஞ்சிப் போன கிரீஸு. எந்தக் காலத்து மாலோ! அதுவும் இத்துனூண்டு தடவிக்கீறான், கஞ்சப் பையன்.”

வேஸ்ட் துணியால் அதைப் பளிச்சென்று துடைத்தார். பிறகு தன் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். படகு இன்ஜினுக்குப் போடுகிற கிரீஸ். இரண்டு விரலால் தாராளமாக வழித்து, இட்லிக்கு மிளகாய்ப்பொடி குழைக்கிற மாதிரிக் குழைத்து, அந்த உலோகம் முழுக்க அப்பினார். உப்புக் காற்று இரும்பை பிஸ்கோத்து மாதிரி பொடித்துவிடும், கிரீஸ் போட்ட இடத்தில் அதன் ஜம்பம் சாயாது என்று எனக்கு விளக்கமும் சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடலில் போய் வருகிற எந்தச் சாமானுக்கும் அதுதான் வைத்தியம். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகூட அவர் கிரீஸால்தான் அன்றுவரை நின்றுகொண்டிருந்தது.

பூட்டி முடித்ததும் பூஜை. புது வண்டிக்குச் செய்வது எல்லாம் இதற்கும் உண்டு என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். சூடம் காட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டுமே, கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லையே! கேபினெட்டையே தூக்கிப் பழத்தின் மேல் வைத்து அழுத்தினார். சாறு பீறிட்டு அம்மாவின் புடவையில் தெறித்தது. அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆனால் பட்டனை அமுக்கியதும் திரை வெளிச்சமானது பாருங்கள், எல்லாரும் கை தட்டினோம். அப்பாகூட வாசலில் நின்று, “ஓடுதே!” என்றார்.

ஓடியது. அக்கா பிளான் போடும் வரைக்கும் ஓடியது.

சாஃப்ட்வேரைத் திறந்து அவள் நாலு சுவர் எழுப்புவாள், பட்டென்று அணைந்துவிடும். மறுபடியும் போட்டு மறுபடியும் நாலு சுவர் எழுப்புவாள், மறுபடியும் அணையும். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றாள் அம்மா. துறைமுகத்து நிலக்கரித் தூசி உள்ளே போயிருக்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். கண்ணேறு என்று சொன்னவர்களும் உண்டு. மாமா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, அதற்கு நேராக டேபிள் ஃபேனை வைத்தார். கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடிவிட்டு அப்போதும் அணைந்தது. கூடவே எண்ணூர் ரோட்டு லாரிப் புழுதி முழுக்க உள்ளே போய்ப் படிந்தது.

அணையும்போது கம்ப்யூட்டர் ‘டுப்’ என்று ஒரு சத்தம் போடும். வீட்டை ஒட்டித்தான் கடை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே, “பில்லு இருந்தா கேக்கலாம்,” என்பார். அந்த ஒரு வார்த்தைக்கே மாமா வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் வாசற்படியிலேயே நின்று, “இன்னாமா, ஓடுதா?” என்று குரலை இறக்கிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார்.

பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. அக்காவின் மாடி வீட்டுக்கு இன்னும் படிக்கட்டு வரவில்லை. ஒருநாள் அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். எனக்குக் கேட்டது. அக்கா தூத்துக்குடிக்குப் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள் என்பதுதான் அன்று என் பெரிய கவலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அப்பா கடையில், அம்மா ரேஷன் வரிசையில். கம்ப்யூட்டர் வழக்கம்போல அணைந்தது. அக்கா இந்த முறை திரும்பப் போடவில்லை. திறந்து கிடந்த பக்கத்தின் வழியாகக் கையை உள்ளே விட்டு, அந்த ஃபேனுக்கு அடியில் இருந்த உலோகத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

“சில்லுன்னு இருக்குதுடி,” என்றாள்.

சில்லென்று இருந்தால் நல்லதுதானே என்றேன். இல்லையாம். பிராசஸர் சூடாகும், அந்தச் சூட்டை இந்த உலோகம் உறிஞ்சி மேலே கொண்டுவர வேண்டும், இது சில்லென்று இருந்தால் சூடு மேலே ஏறவே இல்லை என்று அர்த்தமாம். எனக்குச் சொல்லிக்கொண்டே அவள் தனக்கும் சொல்லிக்கொண்டாள். பிறகு ஃபேனைக் கழற்றினாள். அடியில் மாமாவின் கிரீஸ் இளகி, விளிம்பெல்லாம் வழிந்து நின்றது. கூடம் முழுக்கக் காசிமேட்டு வாசனை.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாம்பல் கோடு, கஞ்சப் பையன், இட்லிப் பொடி, ஒன்று விடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், கிரீஸைப் பார்த்தாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. அங்கே கேட்டு ஊசி மாதிரி ஒரு குழாயில், மாமா கிரீஸ் என்று துடைத்துப் போட்ட அதே சூடு கடத்தும் சாம்பல் நிறப் பசை வாங்கி வந்தாள், மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்தாள். பழைய துணியால் கிரீஸைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் ஒரு உளுந்தளவு பசை வைத்து ஃபேனை மாட்டினாள். அவ்வளவுதான். மத்தியானம் முழுக்க அது அணையவில்லை. மாடி வீட்டுக்குப் படிக்கட்டு வந்தது. மொட்டைமாடி வந்தது. தண்ணீர்த் தொட்டிகூட வந்தது.

கிரீஸ் துணிகளைப் பேப்பரில் சுருட்டிக் குப்பைக் கூடையின் அடியில் திணித்தாள். என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

“மாமாகிட்ட மூச்சு விடக் கூடாது. அப்பாகிட்ட அதுக்கு மேல. புரியுதா?”

“ஏன்?”

“கூடாதுன்னா கூடாதுடி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புச் செய்தது மாமா, கண்டுபிடித்தது அக்கா. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய விஷயம் இது! பள்ளிக்கூடத்தில் என்றால் நான் எழுந்து நின்று சொல்லியிருப்பேன். ஆனாலும் அக்காவுக்காக வாயைக் கட்டினேன்.

சாயந்திரம் அப்பா உள்ளே வந்தார். அன்று ‘டுப்’ சத்தமே கேட்கவில்லை என்பதை அவரும் கவனித்திருக்க வேண்டும். எப்படிச் சரியானது என்று கேட்டார். மாமா சொன்ன மாதிரி ஃபேன் வைத்ததும் சரியாகிவிட்டது என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்பா டேபிள் ஃபேனைப் பார்த்தார். அது சுற்றவில்லை. அதன் வயர் சுவர் பிளக்கில் சொருகியிருக்கக்கூட இல்லை. அப்பா வாழைப்பழத் தோலைப் போடக் குப்பைக் கூடைப் பக்கம் போனார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு தெரு முனைத் தொட்டிக்குக் கிளம்பிவிட்டார். வரிசையில் நின்று களைத்து அப்போதுதான் வந்த அம்மா, “இன்னா அதிசயமா கீது, அய்யாவே குப்ப கொட்டப் போறாரு?” என்றாள். திரும்பி வந்தவர் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவினார்.

மறுநாள் மாமா வந்தார். வழக்கம்போல வாசற்படியில் நின்றவரை அப்பாவே கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். “உம்ம ஃபேன் யோசனைதான்வே காப்பாத்திச்சு. உக்காரும்,” என்றார். மாமா உட்காரவில்லை. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பக்கத்தில் குந்தி, திறந்திருந்த பக்கத்தின் வழியாக உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். அங்கே இப்போது கிரீஸ் வாசனை இல்லை. அக்கா அசையவில்லை. நான் என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மாமா எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் தலைமேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார்.

“அவ கை ராசி மாமா,” என்று அப்பாவிடம் சொன்னார். “நான் இன்னா பண்ணேன்.”

அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பொங்கலுக்கு எந்தச் சட்டை எடுத்தீர்கள் என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்குள் அவர் கை வைக்கவே இல்லை. நானாகக் கூப்பிட்டாலும், அது உங்க அக்கா மெஷினு, அவளையே கேளு என்பார். மாமாவுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் அக்கா மண்ணடிக்குப் போய் பிளானைக் கொடுத்தாள். வேலை கிடைத்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அப்பா போன் போட்டு, இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அப்பா முதலில் கூப்பிட்டு யோசனை கேட்டது மாமாவைத்தான். இன்று திருவொற்றியூரில் பாதித் தெருக்களில் அக்கா வரைந்த வீடு ஏதாவது ஒன்று நிற்கிறது. எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியதும் அவள்தான். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவே பிறக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சமீபத்தில் அப்பாவிடம் அந்தக் குப்பைக் கூடையைப் பற்றி மெல்ல வாயைக் கிளறினேன். “எந்தத் துணி? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே,” என்று பேப்பரை விரித்துக்கொண்டார். தராசு கெட்டுப்போனது எந்தத் தீபாவளி என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிற மனுஷன்!

மாமாவின் வாயை இந்த வீட்டில் நிரந்தரமாக அடைத்துவிட ஒரு சாட்சி வேண்டும் என்று அப்பா காத்திருந்தார். அது கையில் கிடைத்த அன்று, யார் கண்ணிலும் படாமல் தானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, ஆனால் அக்கா தனக்குக் கொடுத்த மரியாதை வீணாகக் கூடாதென்று தெரியாதவராகவே டீயைக் குடித்தார். அப்போது எனக்கு இதெல்லாம் புரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நான், அந்த ரகசியத்தை இந்த வீட்டில் அக்காவும் நானும் மட்டும்தான் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.